பாகுபலியின் கிளைக்கதைகள்: எதிர்பார்ப்பும் ஐயமும்

வழக்கமாகச் சிந்தாமணி, சூளாமணி என்று எழுதுகிற ஆள் இந்த முறை சினிமாப் பக்கம் வந்துவிட்டாரே என்று மலரைப் புரட்டும் அன்பர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. தில்லியில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் பாகுபலி யார் என்று கேட்டால் பிரபாஸ் என்று உடனே பதில் வரும். இந்திப் பத்திரிகை படிக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். தேர்தல் வந்துவிட்டால் அந்தப் பத்திரிகைகள் 'பாஹுபலி' என்று எழுதுவது, பின்னால் பத்து வழக்கும் முன்னால் பத்துத் துப்பாக்கியுமாக ஓட்டுக் கேட்க வருகிற ஆசாமியைத்தான். மூன்றாவதாக ஒரு பாகுபலி இருக்கிறார். சிரவணபெளகொளாவில் மலையுச்சியில் 57 அடி உயரத்தில், கையில் ஆயுதமும் உடலில் ஆடையும் இல்லாமல், கொடி சுற்றிய கால்களோடு நிற்கிறவர். அவரை அறிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். சினிமாப் பாகுபலியோ வளர்ந்துகொண்டே போகிறார். இரண்டு படங்கள், மூன்று நாவல்கள், அனிமேஷன் தொடர்கள், எடுத்து மூலையில் போட்ட ஒரு தொடர், இனி வரப்போகும் ஒரு படம். ஒரு மரத்தில் இத்தனை கிளை விடும்போது எது காய்க்கும், எது வெறும் இலை என்று பார்ப்பது தமிழ் படித்தவனுக்கு இயல்பான வேலை. கிளைக்கதை என்பது நமக்குப் புதிது இல்லை, பாருங்கள்.

முதலில் படங்கள். முதல் பாகம் 2015 ஜூலை 10-ஆம் தேதியும் இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28-ஆம் தேதியும் வெளிவந்தன. தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே எடுத்தார்கள். கதை விஜயேந்திர பிரசாத், இயக்கம் அவர் மகன் ராஜமௌலி. தமிழ் வசனம் எழுதிய மதன் கார்க்கி, காலகேயர்களுக்கென்று கிளிக்கி என்னும் ஒரு பாஷையையே கட்டிக் கொடுத்தார். நர்மதைக் கரையில் இருந்ததாகச் சொல்லப்படும் மாஹிஷ்மதி என்ற பழைய நகரின் பெயர் தமிழில் மகிழ்மதி ஆயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தில்லியில் பெரும்பாலோர் இந்தி டப்பிங்கில் பார்த்தார்கள். சத்யராஜ் வாயைத் திறந்தால் இந்தி வருவது என் காதுக்கு ஒப்பவில்லை, அதனால் பிற்பாடு தமிழிலும் ஒருமுறை பார்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, படம் பார்க்கும்படி இருந்தது. எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. காலகேயத் தலைவனைக் கொல்கிறவனுக்கே அரியணை என்று ஏற்பாடு. கொன்றவன் பல்வாள்தேவன். ஆனால் சிவகாமி அரசைப் பாகுபலிக்குக் கொடுக்கிறாள். எதிரி தன் முன்னால் கேடயமாகக் கட்டி நிறுத்திய சொந்த ஜனங்களைப் பல்வாள்தேவன் வெட்டிக்கொண்டு போனான், பாகுபலி அவர்களை விழவைத்துக் காப்பாற்றினான், அதுதான் காரணம். எத்தனை பேரைக் கொன்றான் என்பதைவிட எத்தனை பேரைக் கொல்லாமல் விட்டான் என்று பார்த்து ராஜாவைத் தேர்ந்தெடுக்கிற ஒரு வீரப் படம் அபூர்வம். காலகேயர் சாவது யார் கணக்கிலும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான் என்று இரண்டு வருஷம் இந்தியா முழுக்கக் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? டீக்கடையில், ஆபீஸில், எங்கள் மொத்தக் கடை வீதியில், எங்கும் அதே கேள்வி. சமண நூல்களில் பழகியவனுக்கு அந்தக் கேள்வி பாதிக் கேள்வியாகத்தான் படும். ஒரு கொலையில் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்று வினை உண்டு, மூன்றுக்கும் தனித்தனியே கணக்கு உண்டு என்பது எங்கள் சமயத்தில் சிறு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிற பாடம். கத்தியை இறக்கியவன் கட்டப்பா. இறக்கச் சொன்னவள் சிவகாமி. கேட்டு மகிழ்ந்தவர்கள் தகப்பனும் மகனும். ஊர் முழுக்கச் செய்தவனைப் பற்றியே கேட்டது. செய்வித்தவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தன் வாய்ச்சொல்லே சட்டம் என்று ஒரு பெண்ணுக்கு எப்போது, எதனால் தோன்றியது? வளர்த்த பிள்ளையை ஒரு வார்த்தையில் சாகச் சொல்லும் அந்த உறுதி அவளுக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு படத்திலும் இதற்குப் பதில் இல்லை. மதுரையில் ஒரு பாண்டியன் ஆராயாமல் ஒரு சொல் சொன்னான், உண்மை தெரிந்ததும் அந்த இடத்திலேயே விழுந்து இறந்தான். சிவகாமியும் உண்மை தெரிந்தபின், குழந்தையை வெள்ளத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி போய்ச் சேர்கிறாள்.

ஆகவே 2018 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் சிவகாமியின் இளமைக்காலத்தைத் தொடராக எடுக்கப் போவதாக அறிவித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆவல் பிறந்தது. (அந்த வருஷம் பிப்ரவரியில்தான் சிரவணபெளகொளாவில் 12 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மகாமஸ்தகாபிஷேகம் நடந்தது. இரண்டு பாகுபலிகளும் ஒரே வருஷம் செய்தியில் வந்தார்கள்.) தொடருக்கு மூலம், ஆனந்த் நீலகண்டன் ஆங்கிலத்தில் எழுதி 2017-இல் வந்த நாவல். அதில் சிவகாமியின் தகப்பனை ராஜத்துரோகி என்று மகிழ்மதி கொன்றுவிடுகிறது. அந்த ராஜ்யத்தை அழிப்பேன் என்று சபதம் எடுத்து வளர்கிறாள் சிறுமி. அழிப்பேன் என்றவளே பிற்காலத்தில் அதே ராஜ்யத்தைக் கட்டிக்காக்கிற ராஜமாதா ஆகிறாள் என்றால், நடுவில் என்ன நடந்தது? இதுதான் கதை. இதற்காக எத்தனை வாரமும் காத்திருக்கலாம்.

அந்த நாவலில் எனக்கு இன்னொரு சுவாரசியமும் இருந்தது. சிவகாமிக்குத் தகப்பன் வீட்டிலிருந்து கிடைக்கும் ஏடு பைசாச மொழியில் இருக்கிறது, அவளால் படிக்க முடியவில்லை. பைசாசம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குணாட்டியர் பிருகத்கதையை எழுதியதாகச் சொல்லப்படும் மொழி அது. மூல நூல் தொலைந்தே போயிற்று. அதன் வழிவந்ததுதான் நம் கொங்குவேளிர் பாடிய பெருங்கதை. வடநாட்டில் சோமதேவர் செய்த கதாசரித்சாகரத்தைப் பார்த்தால், அந்தப் பெருங்கதையின் உண்மையான நாயகன் உதயணன் இல்லை, அவன் மகன் நரவாணதத்தன். வானத்தில் பறக்கும் வித்தியாதரர்களுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகிறவன். உதயணன் கதை அவனுக்கு ஒரு முன்கதை மாதிரிதான். தமிழில் என்ன ஆயிற்று? உ.வே.சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்தபோது ஏட்டில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. பறக்கிற மகனின் கதை பெரும்பாலும் போய்விட்டது. வீணை வாசித்து, யானையை அடக்கி, சிறைப்பட்டு, மனைவியை இழந்து தவிக்கிற தகப்பனின் கதைதான் நமக்கு மிஞ்சியது. அது தன்னளவில் நிற்கவும் செய்கிறது. முன்கதை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதை நான் எப்போதும் சொல்வேன். உதயணனுக்கு இழப்பதற்கு ஏதோ இருந்தது, அதனால் நின்றான்.

சிவகாமி தொடருக்கு நடந்தது வேறு. தேவ கட்டாவும் பிரவீன் சத்தாருவும் இயக்க, மிருணால் தாக்கூர் சிவகாமியாக நடித்து, ஒரு சுற்று எடுத்தார்கள். எடுத்தது சரியில்லை என்று ஒதுக்கிவிட்டு, 2021-இல் வேறு இயக்குநர்கள், வேறு சிவகாமி என்று மறுபடி தொடங்கினார்கள். 2022 தொடக்கத்தில் அதையும் கைவிட்டதாகச் செய்தி வந்தது. பெரும் தொகை, நான்கு வருஷ உழைப்பு, எல்லாம் பெட்டிக்குள். வியாபாரத்தில் சரக்கு தேறவில்லை என்றால் நஷ்டத்தோடு ஒதுக்குவது உண்டு, அதைக் குறை சொல்லமாட்டேன். என் வருத்தம் வேறு. கேள்வி இருந்த கிளை முறிந்தது, கேள்வி இல்லாத கிளைகள் தழைத்தன.

அந்தத் தழைத்த கிளைகள் அனிமேஷன் தொடர்கள். இரண்டாம் படம் வருவதற்குச் சில நாள் முன்பு, 2017 ஏப்ரலில், அமேசான் பிரைமில் 'தி லாஸ்ட் லெஜண்ட்ஸ்' தொடங்கியது. பாகுபலியும் பல்வாள்தேவனும் இளவரசர்களாக இருந்த காலத்துச் சாகசங்கள். பிறகு 2024 மே 17-இல், அப்போது டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் என்று பெயர் கொண்டிருந்த தளத்தில், 'கிரவுன் ஆஃப் பிளட்' வந்தது. ரக்ததேவன் என்று ஒரு புதிய எதிரி மகிழ்மதி மேல் படையெடுத்து வருகிறான், சகோதரர் இருவரும் தோளோடு தோள் நின்று எதிர்க்கிறார்கள். என் பேரன் இரண்டு நாளில் பார்த்து முடித்தான். நானும் கூட உட்கார்ந்தேன். வண்ணம், வேகம், வாள் சுழற்சி எதற்கும் குறைவில்லை. ஆனால் நாலாவது பகுதியிலேயே எனக்கு மனசு வேறெங்கோ போய்விட்டது. ஏன் என்று பிறகு யோசித்தேன்.

பாகுபலி இதில் சாகமாட்டான். அவன் பிற்காலத்தில் கட்டப்பா கையால்தான் சாக வேண்டும். பல்வாள்தேவன் இதில் முழுக்கக் கெட்டவன் ஆகவும் முடியாது, திருந்தவும் முடியாது. அவன் படத்தில் எப்படி வருகிறானோ அந்த இடத்துக்குக் கொண்டுபோய் அவனைத் திரும்ப வைத்தாக வேண்டும். சிவகாமியின் தீர்ப்பு, தேவசேனாவின் சிறை, எல்லாம் ஏற்கெனவே எழுதியாயிற்று. இப்படி நாலு பக்கமும் சுவர் எழுப்பிய முற்றத்துக்குள் புது எதிரியை இறக்கிவிட்டால் என்ன நடக்கும்? தூசி கிளம்பும், அடங்கும். யாருக்கும் எதுவும் மாறாது. இரவல் வாங்கிய பாத்திரத்தில் சமைக்கிறவன், கீறல் விழாமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று பயந்து பயந்து கிண்டுவதைப் போலத்தான் இருந்தது.

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்காவில் மார்வெல் நிறுவனம் தன் வீரப் படங்களிலிருந்து பிரித்து 'ஏஜெண்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' என்ற தொலைக்காட்சித் தொடரை 2013-இல் தொடங்கியது. 2012-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்' படத்தில் கோல்சன் என்கிற அதிகாரி செத்துப்போகிறார். அந்தச் சாவுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்த வீரர்களை ஒன்று சேர்க்கிறது. தொடருக்கு ஆள் வேண்டும் என்றதும் அவரையே உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள். ஏழு பருவம், 2020 வரை ஓடியது. படங்களோ அந்தத் தொடரில் நடந்ததைக் கண்டுகொண்டதே இல்லை. ஒரே வீட்டுப் பங்காளி, ஆனால் பந்தியில் இலை கிடையாது. ஒருவேளை அந்தப் புறக்கணிப்பினாலேயே பிற்பருவங்களில் தொடருக்குக் கொஞ்சம் விடுதலை கிடைத்தது என்பார்கள், அதுவும் நியாயமான பேச்சுதான்.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் உண்டு. தூர்தர்ஷன் ராமாயணம் 1988-இல் பட்டாபிஷேகத்தோடு முடிந்தபோது, உத்தரகாண்டம் எங்கே என்று கேட்டு ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் குலமுதல்வராகக் கொண்டாடும் மக்கள் அவர்கள். வால்மீகி ஆசிரமத்தில் லவனும் குசனும் வளரும் பகுதி இல்லாமல் கதை முடிந்தால் அவர்களுக்கு அதில் இடம் ஏது? வேலைநிறுத்தம் மற்ற ஊர்களுக்கும் பரவியபின் அரசாங்கம் இறங்கி வந்தது, உத்தரராமாயணம் அதே வருஷம் தொடராக வந்தது. தில்லியில் அப்போது இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பார்க்கிற ஜனம் தங்கள் கேள்வியை வைத்துக் கேட்டு வாங்கிய கிளைக்கதை அது. தயாரிப்பாளர் தானாகக் கடை விரித்தது இல்லை.

கடை விரிப்பதையும் நான் இழிவாகச் சொல்லவில்லை, நானே நாற்பது வருஷமாகக் கடை விரிக்கிறவன். ஒரு மார்க் நன்றாக ஓடினால், அதே மார்க்கில் சோப்பு, ஊறுகாய், ஊதுவத்தி எல்லாம் இறக்குவார்கள். முதல் ஈடு விற்றுப்போகும். வாங்குகிறவர் பெயரைப் பார்த்து வாங்குவார். இரண்டாவது ஈடு சரக்கின் தரத்தால்தான் விற்க வேண்டும். ஒன்று மட்டும் கண்ணால் கண்டது: ஊறுகாய் கெட்டால் சோப்பின் பெயரும் கெடும்.

சரி, காய்த்த கிளை எப்படி இருக்கும்? மணிமேகலையைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் அவள் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த சின்னக் குழந்தை, அவ்வளவுதான். கண்ணகியின் காற்சிலம்புக்கும் மதுரைத் தீக்கும் நடுவில் அந்தக் குழந்தையை யார் கவனித்தார்கள்? சாத்தனார் கவனித்தார். தகப்பன் கொலையுண்டான், தாய் துறந்தாள், ஊர் அவளை மறுபடி மேடைக்கு இழுக்கிறது, இந்தப் பெண் என்ன செய்வாள் என்று கேட்டார். மூலக்கதை விட்டுவிட்டுப் போன ஆளைப் பிடித்து, மூலக்கதை கேட்காத கேள்வியைக் கேட்டார்.

இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள், மணிமேகலைக்கு அதிசய சக்திகள் மூன்று உண்டு. வேற்றுரு எடுக்கும் மந்திரம், வானில் செல்லும் மந்திரம், பசி தாங்கும் மந்திரம். மணிமேகலா தெய்வம் கொடுத்தது. அதோடு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. ஹாலிவுட்டுக்காரன் கையில் கிடைத்தால் என்ன செய்வான் என்று சொல்ல வேண்டியதில்லை. சாத்தனார் கையில் அவள் பறந்துபோய் யாரையும் அடிக்கவில்லை. வேற்றுருவை எடுத்துக்கொண்டு பசித்தவருக்குச் சோறு போடுகிறாள், அரசனிடம் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். அந்த வேற்றுருவினாலேயே உதயகுமரன் வெட்டுப்பட்டுச் சாகிறான், அதற்கும் அவள் அழ வேண்டி வருகிறது. சக்தி இருந்தால் அதன் விலையும் இருக்கிறது. இது பௌத்தக் காப்பியம். எங்கள் முனிவர்களைக் கேலி செய்கிற இடங்கள் இதில் உண்டு, படிக்கும்போது எனக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனாலும் தமிழில் கிளைக்கதைக்கு இலக்கணம் எது என்று கேட்டால் இதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

எங்கள் பக்கத்தில் நீலகேசி இருக்கிறது. பழையனூர் நீலி என்றால் வட ஆர்க்காட்டுப் பக்கம் இன்றும் பயப்படுவார்கள், பழி வாங்கிய பேய். அந்தப் பேயையே எடுத்து, தவத்தில் இருந்த முனிசந்திரர் என்னும் சமண முனிவரைப் பயமுறுத்த அனுப்பி, அவர் அசையாமல் இருப்பதைக் கண்டு அவளையே மாணவி ஆக்கி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிற பண்டிதை ஆக்கிவிட்டார் ஆசிரியர். பௌத்தர்களின் குண்டலகேசிக்கு எதிர்ப்பாட்டாகப் பிறந்த நூல் இது. வேடிக்கை பாருங்கள், குண்டலகேசி பெரும்பாலும் அழிந்துபோய், அதில் என்ன இருந்தது என்பதை நீலகேசியையும் அதன் உரையையும் வைத்துத்தான் இன்றைக்கு ஊகிக்கிறார்கள். மூலம் போய், மறுப்பு நிற்கிறது.

இப்போது மூன்றாவது பாகுபலியிடம் வருகிறேன். ஜினசேனாசாரியரின் மகாபுராணத்திலும் அதன் வழிவந்த தமிழ் ஸ்ரீபுராணத்திலும் உள்ள கதை. ஆதிபகவன் துறவு பூணும்போது நாட்டைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தார். அயோத்தி பரதனுக்கு, போதனபுரம் பாகுபலிக்கு. பரதன் சக்கரரத்தினம் முன்னே செல்ல உலகையெல்லாம் வென்று திரும்புகிறான். நகர வாசலில் சக்கரம் உள்ளே போகமாட்டேன் என்று நின்றுவிடுகிறது. தம்பிகள் இன்னும் பணியவில்லை. மற்றத் தம்பிகள் துறந்து போகிறார்கள், பாகுபலி மட்டும் படையோடு வருகிறான். இரண்டு சேனைகளும் அணிவகுத்தபின் அமைச்சர்கள் கூடிப் பேசினார்கள். இவர்கள் இருவரும் இந்தப் பிறவியோடு வீடு பெறப் போகிறவர்கள், போரில் இவர்கள் சாகமாட்டார்கள், சாகப் போவது சிப்பாய்கள்தான், ஆகவே இருவரும் தனியே பொருதட்டும் என்றார்கள். சாகாத வீரனை வைத்துக் கதை பண்ணுகிற இன்றைய தொடர்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தலைவன் சாகமாட்டான் என்று தெரிந்தவுடன் அந்தப் பழைய புலவர் யோசித்தது, கூட வந்தவன் சாவானே என்று.

கண்ணால் ஒரு போர், நீரில் ஒரு போர், மல்லில் ஒரு போர். மூன்றிலும் தம்பிக்கு வெற்றி. கடைசியில் அண்ணனைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான், ஆனால் தரையில் அறையவில்லை. அவமானம் தாங்காத பரதன் சக்கரத்தை ஏவினான். அது பாகுபலியை வலம் வந்து ஒன்றும் செய்யாமல் நின்றது. உலகத்தையே ஜெயித்த ஆயுதம் வேலை செய்யவில்லை. அந்த நிமிஷத்தில் வென்றவனுக்கு, இந்த மண்ணுக்காக அண்ணன் இவ்வளவு தூரம் இறங்கினானே என்று வெறுத்துப் போயிற்று. ராஜ்யத்தை அண்ணனிடமே விட்டுவிட்டுப் போய் ஓராண்டு அசையாமல் நின்றான். காலில் கொடி ஏறியது, பக்கத்தில் புற்று எழுந்தது. இந்தக் கோலத்தைப் பார்க்கக் கர்நாடகம் போக வேண்டியதில்லை. கழுகுமலைப் பாறையில் இருக்கிறது, மதுரைக்குப் பக்கத்தில் சமணர் மலையிலும் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

படம் எடுத்தவர்கள் இந்தக் கதையை எடுத்தாண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் எல்லோருக்கும் பொது. ஒரு சிம்மாசனம், இரண்டு சகோதரர்கள், அதற்குமேல் ஒற்றுமை தேட வேண்டாம். நான் கேட்பது, வென்றபின் என்ன என்கிற கேள்வியை இத்தனை கிளைக்கதைகளில் ஒன்றுகூட ஏன் தொடவில்லை என்பதுதான். இரண்டாம் படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது ஒரு குழந்தைக் குரல் கேட்கும், அடுத்து மகேந்திர பாகுபலியின் மகன் ராஜா ஆவானா என்று. குழந்தை முன்னால் பார்த்துக் கேட்டது. பதில் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் பின்னால் திரும்பி, ராஜமாதாவின் இளமைக்கும் இளவரசர்களின் விளையாட்டுப் பருவத்துக்கும் போய்விட்டார்கள். அரியணை ஏறின மகேந்திரன் என்ன செய்தான்? இருபத்தைந்து வருஷம் சங்கிலியில் கிடந்த தாய் தேவசேனாவுக்கு, எதிரியைச் சிதையில் வைத்து எரித்தபின் இரவில் தூக்கம் வந்ததா? கட்டப்பாவின் அடிமைச் சாசனம் கிழிக்கப்பட்டதா? ஒவ்வொன்றும் ஒரு தொடருக்குக் காணும். பழையதைத் தொடாமல் இதையெல்லாம் எடுக்கலாம், பயமும் வேண்டாம்.

இப்போது புது அறிவிப்பு. 2025 அக்டோபர் 31-இல் இரண்டு படங்களையும் வெட்டி ஒட்டி மூன்றே முக்கால் மணி நேரப் படமாக மறுபடி திரையிட்டார்கள். அதையடுத்து நவம்பரில், 'தி எடர்னல் வார்' என்ற அனிமேஷன் படத்தின் முன்னோட்டத்தை வெளியிட்டு, இயக்குநர் இஷான் சுக்லா என்றும் 2027-இல் வரும் என்றும் சொன்னார்கள். தொலைக்காட்சிக்கு இல்லை, தியேட்டருக்கு. இறந்துபோன அமரேந்திர பாகுபலி வேறு உலகங்களுக்குப் போய், தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் நடக்கும் யுத்தத்தில் நிற்பதாக முன்னோட்டம் காட்டுகிறது.

எனக்கு ஆவலும் இருக்கிறது, ஐயமும் இருக்கிறது. செத்த ஆளைக் கூட்டி வருவதால், கட்டப்பாவின் கத்திக்கு இருந்த கனம் போய்விடுமோ என்பது ஐயம். கோல்சன் கதை கண்முன் நிற்கிறது. எதிரியின் அளவை மட்டும் பெரிதாக்கி, மகிழ்மதிக் கோட்டைக்குப் பதில் மேகத்தின் மேல் அதே வாள்வீச்சைக் காட்டிவிடுவார்களோ என்பதும் ஐயம். ஆவல் எதனால் என்றால், முதல் தடவையாக இந்தப் படவரிசை பின்னால் போகாமல் முன்னால் அடி வைக்கிறது. இறந்தபின் வீரனுக்கு என்ன என்பது எங்கள் புராணக்காரர்கள் விடாமல் கேட்ட கேள்வி. விமலசூரி பிராகிருதத்தில் செய்த பௌமசரியத்தில் இராவணனைக் கொல்கிறவன் இலக்குவன். கொன்ற வினையால் அவனும் நரகம் போகிறான், இராவணனும் அங்கேதான் இருக்கிறான். தேவனாகப் பிறந்த சீதை அந்த நரகத்துக்கே இறங்கிப் போய் இருவருக்கும் நல்ல வார்த்தை சொல்லி ஆற்றுகிறாள். அப்படி ஒரு காட்சியில், பாகுபலி அந்த உலகத்தில் யாரைச் சந்திப்பான்? காலகேயத் தலைவனையா, அவனோடு செத்த பெயரில்லாத ஆயிரம் பேரையா, ஆற்றோடு போன சிவகாமியையா? சிவகாமியைச் சந்தித்தால் அவள் என்ன பேசுவாள்?

பேரன் இப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டான். பகல் காட்சிக்கு டிக்கெட் எடு என்று சொல்லி வைத்திருக்கிறேன், சூரியன் மறைவதற்குள் வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும்.